வழியில் காத்துப் போனால்: யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கந்தோருக்கும் கம்பசுக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போய்வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் நிலைமை ஒன்றுதான்: கையில் பம் இல்லை, ஒட்டுச் சாமான் இல்லை, நேரமும் இல்லை. வீட்டு விறாந்தையில் ஆறுதலாக இருந்து ஒட்டுகிற வித்தை இங்கே வராது.

சில்லு தட்டையாப் போச்செண்டு தெரிஞ்ச உடனை முதல் வேலை என்ன?

இறங்குவது. “அந்தச் சந்தி மட்டும் ஓடிப்போட்டு இறங்குவம்” என்று நினைக்கிற அந்த நூறு யார் தூரத்தில்தான், ஒரு சின்ன ஒட்டோடு முடிய வேண்டிய அலுவல் புது ரியூப் வாங்குகிற அலுவலாக மாறுகிறது. காற்று இல்லாத ரியூப் ரயருக்குள் மடிந்து, ரிம்முக்கும் தெருவுக்கும் இடையில் அரைபடும். அதைவிட மோசம் வால்வ் கிழிவது. ரயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும்போது ரியூப்பும் கூடவே இழுபடும். வால்வ் மட்டும் ரிம் துளைக்குள் மாட்டி நிற்கும். அடியோடு கிழிந்த வால்வை எந்தக் கடைக்காரரும் ஒட்டித் தரமாட்டார்.

இறங்கியதும் பாரத்தை மாற்றுங்கள். பின் சில்லில் காற்றுப் போயிருந்தால் கரியரில் உள்ள பை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஹான்டிலுக்குப் போகட்டும். டைனமோ உள்ள சைக்கிள் என்றால் அது ரயரில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்த ரயரின் பக்கவாட்டை அது அராவி எடுத்துவிடும். பிறகு ஸ்ராண்டில் விட்டு, சில்லை மெல்லச் சுற்றி முழு வட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். குத்தினது என்ன, எங்கே என்று தெரிந்தால் மிச்ச முடிவுகள் லேசு.

ரியூப்பிலை ஓட்டையோ, வால்கட்டையிலை பிழையோ எண்டு எப்பிடி அறியிறது?

இதை முதலே பார்த்துவிட வேண்டும். வால்கட்டையில் பிழை என்றால் ஒட்டே தேவையில்லை.

பெரிய சில்லு உள்ள எங்கள் ஊர்ச் சாதாரணச் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது டன்லொப் வகை வால்வ். பித்தளைக் குழாய்க்குள் ஒரு சின்னக் கட்டை, அதுதான் வால்கட்டை; கட்டையின் பக்கத்தில் ஓர் ஊசித்துளை; அந்தத் துளையை மூடி இறுக்கிப் பிடித்திருப்பது மெல்லிய றப்பர் குழாய் ஒன்று. அதுதான் வால் ரியூப். காற்று அடிக்கும்போது றப்பர் விரிந்து காற்றை உள்ளே விடும். அடிப்பதை நிறுத்தினால் சுருங்கித் துளையை மூடிக்கொள்ளும். டன்லொப் வால்வுக்குக் காற்றடிக்கக் கை நோவதற்குக் காரணமும் இந்த றப்பர்தான், பம்மில் பிழையில்லை. நாள்பட அது உக்கிப் பிசுபிசுத்துப்போகும். அப்போது இராத்திரி அடித்த காற்று விடிய இருக்காது. அல்லது அடிக்க அடிக்க வெளியே வரும்.

சோதிக்கிற முறை பழையது, இன்றைக்கும் அதற்கு மேல் ஒன்றில்லை. சில்லில் கொஞ்சமாவது காற்று இருக்கும்போது விரலில் எச்சிலைத் தொட்டு வால்வ் வாயில் வையுங்கள். குமிழி வந்தால் பிழை அங்கேதான். மேலே உள்ள திருகை முதலில் ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள், பாதித் தரம் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் கட்டையை வெளியே எடுத்து றப்பரைப் பாருங்கள். கிழிசல் ஒரு நுனியில் மட்டும் என்றால், கழற்றித் தலைமாற்றிப் போட்டால் சிலவேளை வீடு மட்டும் தாங்கும். நடுவில் கிழிந்திருந்தால் புது வால் ரியூப்தான். சைக்கிள் கடையில் மலிவான சாமான் அதுதான்.

ரியூசன் முடிந்து வரும்போது கட்டையையே காணவில்லை என்றால் அது உங்கள் சிநேகிதரின் வேலை. வீட்டுக்கு உருட்ட முதல் அவர்களின் சட்டைப் பையைச் சோதியுங்கள்.

முள்ளு ரயரிலை குத்தினபடி நிக்குது. இழுக்கிறதோ, விடுறதோ?

பம்மும் கடையும் எட்டிய தூரத்தில் இல்லாவிட்டால் இழுக்காதீர்கள். குத்தின முள்ளே பல தடவை ஓட்டையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருக்கும். யாரிடமாவது பம் வாங்கிக் காற்றடித்து, அந்த முள்ளோடேயே கடைவரைக்கும் போய்விடலாம். இழுத்த கணத்தில் “உஸ்” என்று எல்லாம் போய்விடும், பிறகு உருட்டல்தான். ஆணி, முட்கம்பித் துண்டு போன்ற நீளமானவை வேறு. அவற்றோடு ஓடினால் ரியூப்பின் மறுபக்கத்தையும் குத்தும். இழுத்துவிட்டு உருட்டுங்கள்.

எங்கள் ஒழுங்கைகளில் குத்துகிறவற்றில் பெரிய ஆள் நெருஞ்சி. காய் உடைந்து விழுகிற ஒவ்வொரு துண்டிலும் ஊசிபோல முள் இருக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும். தெருவோரப் புல்லுக்குள் சைக்கிளை இறக்கினால் ஒன்றல்ல, நாலைந்து ஏறும். ஆகவே ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்த வேண்டாம். கிளுவை வேலி வெட்டின ஒழுங்கையில், கழிவு கூட்டி அள்ளும்வரை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதே புத்தி.

பம் இல்லை. ஆரிட்டைக் கேக்கிறது?

பக்கத்துப் படலையில். கொக்குவில், கோண்டாவில், இணுவில், மானிப்பாய், சுன்னாகம் என்று எந்தப் பக்கம் எடுத்தாலும் சைக்கிள் நிற்கிற வீட்டில் பம்மும் இருக்கும். முற்றத்தில் சைக்கிள் நிற்கிறதா என்று வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “அம்மா, ஒருக்கா பம் தருவீங்களோ, காத்துப் போட்டுது” என்று கேளுங்கள். இல்லை என்று சொல்கிற வீடு மிகக் குறைவு. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம், அதிலும் கம்பசுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள்.

படலைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள், நாய் நிற்கும். வாங்கின பம்மை அங்கேயே அடித்து அங்கேயே கொடுங்கள். “சந்தியிலை அடிச்சுப்போட்டுக் கொண்டுவாறன்” என்று எடுத்துப்போனால் அடுத்தவருக்கு அந்தப் படலை திறக்காது.

வாசிகசாலை, பலசரக்குக் கடை, சலூன் இவையும் நல்ல இடங்கள். சலூனில் எப்போதும் ஆள் இருக்கும், ஆளுக்கொரு சைக்கிள் வெளியே நிற்கும்.

காத்தில்லாமலே மெதுவா ஓடிக்கொண்டு போனா என்ன?

எட்டரைக்கு வரவு மெசினில் விரல் வைக்க வேண்டிய அரசாங்க உத்தியோகத்தர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். பின் சில்லு என்றால் ஒரு ஐம்பது யார் மனம் கேட்காமல் ஓடுகிறவர் இருக்கிறார். சேதம் என்ன என்பது மேலே இருக்கிறது; அலுமினிய ரிம் என்றால் அதன் விளிம்பும் ஒரு குழியில் நெளிந்துவிடும். விலையை அறிந்துகொண்டு ஓடுங்கள்.

முன் சில்லு என்றால் ஓடவே கூடாது. ஹான்டில் சொற்கேட்காது. திருப்பத்தில் ரயர் ரிம்மை விட்டு விலகிச் சறுக்கினால் விழுவது முகம்குப்புற. பின்னால் மினி பஸ் வருகிற காங்கேசன்துறை வீதியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உருட்டுகிறபோதும் ஒரு முறை உண்டு. பின் சில்லு போயிருந்தால் ஒரு கையால் ஹான்டிலையும் மறுகையால் கரியரையும் பிடித்து, பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கினாற்போல் நடக்க வேண்டும். ரியூப்பில் பாரம் விழாது. முன் சில்லு என்றால் இன்னும் சுகம், ஹான்டிலைத் தூக்கி ஒற்றைச் சில்லில் தள்ளலாம். தூரம் அதிகம் என்றால் கையை மாற்றி மாற்றிப் பிடியுங்கள்.

பெற்றோல் செற்றிலை காத்தடிக்கலாமோ?

உங்கள் வால்வைப் பொறுத்தது. மவுன்டன் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் இருக்கிற அதே வால்வ்தான். அதற்குப் பெற்றோல் செற், மோட்டார் சைக்கிள் கராஜ், ரயர் கடை எங்கேயும் அடிக்கலாம். டன்லொப் வால்வுக்கு அந்தக் குழாயின் வாய் பொருந்தாது. இடையில் போடுகிற சின்ன மூடி ஒன்று வேண்டும். மெல்லிய றேசிங் சைக்கிள் வால்வுக்கும் அதே கதை. ஆனால் றேசிங் சைக்கிளுக்கென்று விற்கிற பம் டன்லொப் வால்வில் பெரும்பாலும் பிடிக்கும் என்பதைப் பலர் அறியார்.

ஒரு எச்சரிக்கை. அங்கே உள்ள கொம்பிறசர் காருக்கும் லொறிக்கும் அடிக்கிற வேகத்தில் விடும். சைக்கிள் ரியூப்பில் கொள்ளுகிற காற்று கொஞ்சம். இரண்டு மூன்று கணத்தில் நிறைந்து, நாலாவதில் வெடிக்கும். ஒரு சொட்டு விடுங்கள், நிறுத்துங்கள், அமத்திப் பாருங்கள், திரும்ப விடுங்கள். எவ்வளவு போகலாம் என்பது ரயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். சாதாரணச் சைக்கிள் ரயர்களில் 40 இலிருந்து 60 பி.எஸ்.ஐ. வரைக்குள் ஓர் எண்ணைக் காண்பீர்கள். அளக்கக் கருவி இல்லாவிட்டால் பெருவிரலால் பக்கவாட்டை அழுத்துங்கள். கொஞ்சமும் பதியக்கூடாது என்றில்லை, மெத்தென்று பதிந்தால் காணாது.

பண்ணைப் பாலத்திலை, வல்லை வெளியிலை காத்துப் போனா என்ன செய்யிறது?

படலையில் கேளுங்கள் என்ற பதில் செல்லாத இடங்கள் இவைதான். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். வல்லையில் இரண்டு பக்கமும் வெட்டவெளி, காற்று ஆளையே தள்ளும். பொன்னாலையிலிருந்து காரைநகர் போகிற பாலம், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் உள்ள பாலம், கோப்பாய்க்கும் கைதடிக்கும் இடையில் உள்ள வெளி எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவை.

முதலில் எந்தப் பக்கம் நடப்பது என்று முடிவெடுங்கள். கிட்ட உள்ள கரை எது என்று பார்ப்பதைவிட, கடை உள்ள கரை எது என்று பாருங்கள். பண்ணையில் பாதித் தூரத்துக்குள் என்றால் பட்டணத்துப் பக்கம் திரும்புவதே லாபம். தீவுப் பக்கம் முதலில் வருகிறது மண்டைதீவுச் சந்தி, அங்கே காலைவேளையில் சைக்கிள் கடையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். காற்றையும் கணக்கில் எடுங்கள். சோளகக் காலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிளை உருட்டுவது ஓடுவதைவிடக் கடினம்.

அடுத்தது, மறிப்பது. வெறுமையாகப் போகிற பட்டா வாகனம் (சின்ன லொறி), லான்ட்மாஸ்ரர் (பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு இயந்திரம்), மீன் ஏற்றுகிற வாகனம் எதற்கும் கை காட்டலாம். லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஒரு சைக்கிள் பாரமே இல்லை. வல்லையில் என்றால் முனியப்பர் கோயிலடிவரை நடந்துவிடுங்கள். அங்கே வாகனங்கள் தாமாகவே நின்று போகும். ஓடுகிற வாகனத்தை மறிப்பதைவிட நிற்கிறவரிடம் கேட்பது சுலபம்.

கடல் பக்கத்தில் ரியூப்பின் ஓட்டையைத் தேட உப்புத் தண்ணீரில் அமுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். குமிழி வரும், ஓட்டை தெரியும். ஆனால் ரிம்மிலும் கம்பியிலும் செயினிலும் பட்ட உப்பை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் கறள் பிடிக்கும். ரியூப்பையும் உப்புப் போகக் கழுவித் துடைக்காமல் ஒட்டினால் ஒட்டுக் கழரும்.

ஒட்டுச் சாமான் ஒண்டுமே இல்லாமல் வழியிலை ஏதும் செய்யலாமோ?

செய்யலாம், அழகாக இராது. மூன்று வழி உண்டு. மூன்றுக்கும் ரயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து கிளப்ப வேண்டும். கரண்டிப் பிடி, அகப்பைக்காம்பு எதுவும் உதவும். ஸ்குறூ றைவரால் கிளப்பினால் ரியூப்பில் இன்னொரு ஓட்டை நிச்சயம்.

முதலாவது, ஓட்டையைக் கட்டுவது. முள்ளுக் குத்தினது போன்ற சின்ன ஓட்டைக்குத்தான் சரிவரும். ஓட்டையைக் கண்டுபிடிக்க ரியூப்பில் கொஞ்சம் காற்று வேண்டும்; அதைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்து மெல்ல நகர்த்தினால் காது பிடிக்காத சின்ன ஓட்டையையும் தோல் பிடிக்கும். கண்ட இடத்தைக் கிள்ளி இழுத்து, சின்ன மொட்டுப்போல் எடுத்து, அதன் கழுத்தில் நூலைப் பல சுற்றுச் சுற்றி இறுக்கி முடியுங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் என்றால் வலை பொத்துகிறவர்களிடம் நூல் கேட்கலாம். தங்கூசி (நைலோன் இழை) வேண்டாம், அது றப்பரை அறுக்கும். முறுக்கு நூல் நல்லது. பிறகு அரைக் காற்று மட்டும் அடித்து, மேடு பள்ளம் பார்த்துப் போக வேண்டும்.

இரண்டாவது, ரியூப் நீளத்துக்குக் கிழிந்து போனால். எப்படியும் எறியப்போகிற ரியூப்தான். கிழிந்த இடத்தில் குறுக்கே வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கமாக முடிச்சுப் போடுங்கள். ரியூப் குட்டையாகும், இழுத்துத்தான் ரிம்மில் போட வேண்டிவரும். முடிச்சு வருகிற இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல் இருக்கும். மெல்லிய ரியூப்பில் சரிவரும். தடித்த ரியூப்பில் முடிச்சு இறுகாது, காற்றுக் கசியும்.

மூன்றாவது, ரியூப்பை எடுத்துவிட்டு ரயருக்குள் அடைவது. வைக்கோல், வாழைச்சருகு, தும்பு, பழைய சாரம் எதுவும். கையளவு போட்டால் ஐந்து நிமிடத்தில் நசிந்துவிடும். நினைப்பதைவிட மூன்று மடங்கு வேண்டும், கடைசி ஒரு சாணை அடைக்கக் கை நோகும். அடைத்தாலும் நடை வேகத்துக்கு மேல் போகக்கூடாது. என்னைக் கேட்டால், கரியரில் நெல்லு மூட்டையோ நடக்க முடியாத ஆளோ இருந்தாலொழிய இந்த வேலைக்கு இறங்குவதைவிட உருட்டுவது மேல்.

ரயரே கிழிந்து ரியூப் வெளியே பிதுங்கினால், கிழிசலுக்கு உட்பக்கம் ஏதாவது கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலில் வெட்டின துண்டு கிடைக்கும், ஓரம் ரியூப்பைக் குத்தாதபடி மடியுங்கள். பழைய ரயர்த் துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது. வேறு ஒன்றுமே இல்லாவிட்டால் நாலாக மடித்த ரூபாய்த் தாள். பிறகு எடுத்துச் செலவழிக்கலாம்.

சூப்பர் குளூ, செலோரேப், சுவிங்கம்?

சூப்பர் குளூ காய்ந்ததும் விறைக்கும், ரியூப் வளைந்ததும் வெடிக்கும். செலோரேப் காற்றடித்ததும் கிளம்பும். சுவிங்கத்தை வாயிலேயே வைத்திருங்கள்.

ஒட்டுறதுக்குப் பின் சில்லைக் கழட்டத்தான் வேணுமோ?

வேண்டியதில்லை. செயின் கவர், கரியர், மட்கார்ட், ஸ்ராண்ட் எல்லாம் பூட்டியிருக்கிற சைக்கிளில் பின் சில்லைக் கழற்றிப் பூட்டுவது அரைநாள் வேலை. எங்கள் கடைக்காரர் யாரும் அதைச் செய்வதில்லை. செயின் இல்லாத பக்கத்தால் ரயரைக் கிளப்பி, வேண்டிய அளவு ரியூப்பை வெளியே இழுத்து, ஒட்டி, திரும்பத் தள்ளிவிடுவார்கள். ரியூப் மாற்றுவதென்றால் மட்டும் சில்லு கழர வேண்டும்.

கடை பூட்டியிருந்தா?

மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஞாயிறு பின்னேரம், ஊர்க்கோயிலில் தேர் என்றால் அந்த நாள் முழுக்க. கடைக்குப் பின்னால்தான் பல கடைக்காரரின் வீடு. கூப்பிட்டுப் பார்க்கலாம், சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள். அந்த நாட்களில் சைக்கிள் பாதுகாக்கிற இடங்களில் பம் கேட்டால் கிடைக்கும், ஒட்டுக்கு வெளியே வர வேண்டும்.

ஓட்டோவிலை, பஸ்ஸிலை ஏத்தலாமோ?

ஓட்டோவில் ஏற்றலாம். பின் சீற்றில் குறுக்கே வைத்தால் ஒரு சில்லு வெளியே நீட்டும், நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எவ்வளவு என்று ஏற்ற முதல் கேளுங்கள்; சைக்கிளை உள்ளே வைத்த பிறகு கேட்கிற விலை வேறு. பஸ் காலையில் நடவாத காரியம். மினி பஸ்ஸில் ஆளுக்கே இடமில்லை. மத்தியானத்தில் வெறுமையாகப் போகிற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் கொண்டக்டரின் மனதைப் பொறுத்தது.

சைக்கிளை வழியிலை விட்டிட்டுப் போகலாமோ?

நேரத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் இதுதான் நல்ல வழி, பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பூட்டிவிட்டுத் தெருவில் விடாதீர்கள். ஒரு வீட்டிலோ கடையிலோ சொல்லிவிட்டு, உள்ளே விட்டுவிட்டுப் போங்கள். எப்போது வந்து எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள். திறந்த சைக்கிள் கடை ஒன்று கண்டால் இன்னும் வசதி: “அண்ணை, ஒட்டி வையுங்கோ, பின்னேரம் எடுக்கிறன்” என்று விட்டுவிட்டு பஸ் ஏறலாம். ஒட்டி முடியும்வரை கடை வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

இரவிலை, தனிய வாற பொம்பிளைப் பிள்ளை எண்டா?

தங்கச்சி, ஒழுங்கைக்குள் இறங்க வேண்டாம், குறுக்கு வழி எடுக்க வேண்டாம். வெளிச்சம் உள்ள பெரிய தெருவிலேயே நின்று முதலில் வீட்டுக்குப் போன் எடுங்கள். எந்த இடம், எந்தப் பக்கமாக நடக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஆள் வரும்வரை பாமசி, பேக்கரி போன்ற திறந்த கடை ஒன்றில் நிற்கலாம். கிட்ட வந்து “தாங்கோ, நான் உருட்டித் தாறன்” என்கிற ஆளிடம் சைக்கிளைக் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. “அண்ணா வாறார்” என்று சொன்னால் போதும். சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டோவில் போவதானாலும் போகலாம். போனால் சைக்கிள்தானே.

ஆணோ பெண்ணோ இருட்டில் உருட்டுகிறவர் மறக்கக்கூடாதது ஒன்று. டைனமோ லைற் உருட்டுகிற வேகத்தில் எரியாது. போனின் லைற்றைப் போட்டு, வருகிற வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கக் கரையால் நடவுங்கள்.

கடையிலை ஒட்டேக்கை நான் என்னத்தைப் பாக்க வேணும்?

இரண்டு விடயம். முதலாவது, குத்தினதை ரயருக்குள்ளிருந்து எடுத்தார்களா? ரியூப்பை ஒட்டிவிட்டு முள்ளை ரயரிலேயே விட்டால் அடுத்த சந்தியில் திரும்ப இறங்குவீர்கள். நல்ல கடைக்காரர் ரயரின் உட்புறம் முழுக்க விரலால் தடவிப் பார்ப்பார். அவர் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள், அல்லது தடவிப் பாருங்கள், மெல்ல. முள் விரலிலும் ஏறும்.

இரண்டாவது, அவசரப்படுத்தாதீர்கள். அவர் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் குச்சியால் குத்திப் பிடித்து, துடைத்து, அரத்தால் உராய்ந்து மங்கலாக்குவார். பிறகு ஒட்டுத் துண்டிலும் ரியூப்பிலும் சொலூசனை (ஒட்டுகிற பசையை) பூசிவிட்டு வேறு வேலை பார்ப்பார். அந்த இடைவெளிதான் ஒட்டின் உயிர். சொலூசன் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பிடிக்காது. மினுக்கம் போய், தொட்டால் விரலில் வராத பதத்துக்குக் காய வேண்டும். “கெதியா அண்ணை” என்று நீங்கள் நெருக்கினால் அவர் ஈரத்தோடு அமத்திவிட்டுத் தருவார், மத்தியானம் திரும்ப வருவீர்கள்.

ஒட்டுத் துண்டு பழைய ரியூப்பில் வெட்டினதா என்று முகம் சுழிக்க வேண்டாம். 1990களில் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வரவிடாத காலத்தில், இந்த ஊர் முழுவதும் ஓடியது சைக்கிளில். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம். பழைய ரியூப் ஒட்டைக் குறை சொல்ல இங்கே ஆளில்லை.

ஒட்டி ஒரு கிழமை போகேல்லை, திரும்பக் காத்துப் போட்டுது. ஏன்?

ஓட்டை எங்கே இருக்கிறது என்பது காரணத்தைச் சொல்லும். தெருப் பக்கமாக என்றால் ரயருக்குள் இன்னும் ஏதோ நிற்கிறது. ரிம் பக்கமாக, உட்புறத்தில் என்றால் கம்பியின் முனை குத்துகிறது. ரிம்முக்குள் ஓடுகிற றப்பர் நாடா விலகியிருக்கும் அல்லது உக்கியிருக்கும். அதை மாற்றாமல் எத்தனை ஒட்டுப் போட்டும் பலனில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் முள்ளுமில்லை கம்பியுமில்லை. காற்றுக் குறைவாக, ஆளை ஏற்றிக்கொண்டு, குழியில் விழுத்தியிருக்கிறீர்கள். ரிம்மின் இரண்டு விளிம்பும் ரியூப்பைக் கடித்திருக்கின்றன.

2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோது பலர் கொட்டிலில் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். வெளியே பார்த்தால் ரயரில் பூ (மேற்புற வெட்டு) தேயாமல் இருக்கும். ஆனால் வருசக்கணக்காகக் காற்றில்லாமல் மடிந்து கிடந்த ரியூப் மடிப்பிலேயே வெடித்திருக்கும். அப்படிப்பட்ட சைக்கிளை ஒட்டி ஒட்டி ஓடுவது வீண்.

மாரியிலை கூடக் குத்துதே, ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மழை தெருவோரக் கண்ணாடித் துண்டையும் முள்ளையும் நடுத்தெருவுக்குக் கொண்டுவரும். றப்பர் ஈரமாக இருந்தால் கூரானவை வழுக்கிக்கொண்டு சுகமாக ஏறும். வெள்ளம் நிற்கிற ஒழுங்கையில் குழி தெரியாது. வெள்ளத்துக்குள்ளால் போகத்தான் வேண்டும் என்றால் இறங்கி உருட்டுங்கள்.

வெயிலிலை விட்டா வெடிக்குமோ?

நல்ல ரயர் வெடிக்காது. வெயிலில் காற்று விரிந்து அமுக்கம் கொஞ்சம் கூடும். கொம்பிறசரில் கல்லுப்போல அடித்து, பக்கவாட்டில் நூல் தெரிகிற ரயரோடு பங்குனி வெயிலில் விட்டால்தான் கந்தோருக்குள் இருந்து சத்தம் கேட்கும்.

புது ரியூப் வாங்கேக்கை என்ன சொல்லி வாங்கிறது?

“26 ரியூப் ஒண்டு” என்று மட்டும் சொல்லாதீர்கள். ரயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணை அப்படியே வாசியுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். 26 × 1⅜ என்பது பெண்கள் ஓடுகிற சாதாரணச் சைக்கிளில் வருவது. 26 × 1.95 மவுன்டன் சைக்கிளுக்கு. இரண்டும் 26 என்றாலும் ரிம்மின் அளவு 31 மில்லிமீற்றர் வித்தியாசம், ரயர் ஒன்றுக்கொன்று ஏறாது. ரியூப் றப்பர்தானே, இழுபடும். 28 × 1½ சில்லுக்கு ரியூப் கிடைக்காத ஊரில் 26 × 1⅜ ரியூப்பைப் போட்டு வீடு போய்ச் சேரலாம், பிறகு மாற்றுங்கள்.

வால்வ் எந்த வகை என்றும் சொல்லுங்கள். டன்லொப் வால்வுக்குத் துளைத்த ரிம்மில் மோட்டார் சைக்கிள் வகை வால்வ் உள்ள ரியூப்பும் பொதுவாகப் போகும். உங்கள் அளவில் அது கடையில் இருந்தால் அதையே கேட்டு வாங்கலாம். வால் ரியூப் தொல்லை இல்லை, பெற்றோல் செற்றிலும் காற்றடிக்கலாம்.